கல் வாய்க்காலும் காரட் பாத்தியும்
(வாசகர் கேள்வி – பதில்)

இந்த மாதம் வந்த கடிதங்களில் மூன்று, எழுதியவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்களாக இருந்தும், ஒரே இடத்தில் வந்து முட்டி நிற்கின்றன. ஆகவே வேறு கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களை விட்டுவிட்டேன். முதல் கடிதத்தில் குறிப்பிடப்படும் ஊழியரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். நான் கோத்தகிரியை அடுத்த ஒரு கிராமத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். 14 ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் சபைக்கு வந்த ஓர் ஊழியரின் பிரசங்கத்தைக் கேட்டுத்தான் என் கணவர் குடியை விட்டார். எங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் ஞானஸ்நானம் கொடுத்தவர் அவரே. என் மாமனாரின் கடைசி மூன்று இரவுகளும் கட்டிலருகே உட்கார்ந்து ஜெபித்தவரும் அவரே. அவர் ஆலயக் கட்டட நிதியிலிருந்து பல ஆண்டுகளாகப் பணம் எடுத்துவந்தது சென்ற ஆண்டு தணிக்கையில் வெளிப்பட்டு, பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். "அவர் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது, பிள்ளைகளுக்கு வேறு ஊழியரிடம் மறுபடி கொடுக்க வேண்டும்" என்கிறார் என் கொழுந்தனார். "அபிஷேகம் பெற்றவரைக் குறை பேசினால் சாபம் வரும், வாயை மூடு" என்கிறார் மாமியார். என் கணவரோ ஒன்றும் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்கு வராமல் காரட் தோட்டத்துக்குப் போய்விடுகிறார். நான் யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: சகோதரி, கொழுந்தனார் சொல்வது புதிய பேச்சு அல்ல, அதற்கு வயது 1,700. கி.பி. 303இல் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் ஆலயங்களை இடிக்கவும் வேதப் பிரதிகளை எரிக்கவும் ஆணையிட்டபோது, வட ஆப்பிரிக்காவில் குருமார் சிலர் உயிருக்குப் பயந்து, தங்கள் பொறுப்பிலிருந்த திருமறைப் பிரதிகளை அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிட்டார்கள். உபத்திரவம் ஓய்ந்த பின்பு, 311ஆம் ஆண்டளவில் செசிலியன் என்பவர் கார்த்தேஜ் நகரின் பேராயராக அபிஷேகம் பண்ணப்பட்டார். அவர் தலைமேல் கை வைத்தவர்களில் ஒருவர் அப்படி வேதத்தை ஒப்படைத்தவர் என்று குற்றஞ்சாட்டி ஒரு பெருங்கூட்டம் பிரிந்துபோனது. பிற்பாடு தங்கள் தலைவராக வந்த டொனாட்டஸின் பெயரால் டொனாட்டிஸ்டுகள் என்று அழைக்கப்பட்ட அவர்கள், கறைபட்ட கை கொடுத்த ஞானஸ்நானம் ஞானஸ்நானமே அல்ல என்று கூறி, மற்ற சபையிலிருந்து தங்களிடம் வந்தவர்களுக்கு மறுபடியும் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். 314இல் இன்றைய பிரான்சிலுள்ள ஆர்ல் நகரில் கூடிய ஆலோசனைச் சங்கம் இதை ஏற்கவில்லை. ஆனாலும் பிளவு ஆறாமல் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்தது.

அவர்களை இளப்பமாக எண்ணிவிட வேண்டாம். வேதத்தைக் காட்டிக்கொடுக்க மறுத்துச் செத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவர்களுக்குள் இருந்தார்கள்; அவர்களுடைய கோபத்துக்குக் காரணம் இருந்தது. உங்கள் கொழுந்தனாரின் கோபத்துக்கும் காரணம் இருக்கிறது. அந்தக் கட்டட நிதியில் அவருடைய வியர்வையும் இருந்திருக்குமல்லவா?

அவர்களுக்குப் பதில் சொன்னவர்களில் முதன்மையானவர், இன்றைய அல்ஜீரியாவில் இருந்த ஹிப்போ நகரின் பேராயர் அகுஸ்தீன். யோவான் சுவிசேஷத்தைப் பற்றிய பிரசங்கங்களில் அவர் சொன்னதன் சாரம் இது: பேதுரு ஞானஸ்நானம் கொடுத்தாலும் கொடுப்பவர் கிறிஸ்துவே, யூதாஸ் கொடுத்தாலும் கொடுப்பவர் கிறிஸ்துவே. அதே பிரசங்க வரிசையில் இன்னொரு உவமையும் சொல்லுகிறார். கல்லால் கட்டிய வாய்க்கால் வழியே தண்ணீர் தோட்டத்துப் பாத்திகளுக்குப் பாய்கிறது. கல்லில் அது எதையும் முளைப்பிப்பதில்லை, ஆனால் தோட்டம் மிகுந்த விளைச்சலைக் கொடுக்கிறது என்கிறார். காரட்டும் பீட்ரூட்டும் பயிரிடும் மலைச்சரிவுக்காரர்களாகிய நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பாத்தியில் நிற்கும் காரட்டைப் பிடுங்கி, வந்த தண்ணீர் எந்த வாய்க்கால் வழியே வந்தது, அதன் ஓரத்தில் பாசி இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. தண்ணீர் ஊற்றிலிருந்து வந்ததா என்பதே கேள்வி.

ஆகவே பிள்ளைகளுடைய ஞானஸ்நானம் ஞானஸ்நானமே. பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் கொடுக்கப்பட்டதை, கொடுத்தவரின் கணக்குப் புத்தகம் அழித்துவிட முடியாது. (குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்பதில் சபைகளுக்குள் இருக்கும் வேறுபாடு தனிக் கேள்வி, அதை இதனோடு குழப்ப வேண்டாம்.) கொழுந்தனாரிடம் ஒன்று மட்டும் கேட்டுப்பாருங்கள்: மறுபடி ஞானஸ்நானம் கொடுக்கப்போகிற அந்த வேறு ஊழியரின் கணக்கைத் தணிக்கை செய்தவர் யார்? கொடுப்பவரின் தூய்மையைப் பொறுத்தே அருள் செல்லும் என்றால், உலகத்தில் ஒருவருக்கும், எந்த நாளிலும், தாம் ஞானஸ்நானம் பெற்றோமா என்ற நிச்சயம் இருக்காது.

இனி மாமியார். அவர்கள் மனதில் இருப்பது 105ஆம் சங்கீதத்தின் 15ஆம் வசனம்: "நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும், என்னுடைய தீர்க்கதரிசிகளுக்குத் தீங்குசெய்யாமலும் இருங்கள்." நம் கன்வென்ஷன் மேடைகளில் இந்த வசனம் ஓங்கி ஒலிக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும், ஏனென்றால் அது எந்தச் சம்பவத்தைக் குறிக்கிறது என்று மேடையில் யாரும் சொல்வதில்லை. அந்தச் சங்கீதம் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோர் அந்நிய தேசங்களில் பரதேசிகளாய்த் திரிந்த காலத்தைப் பாடுகிறது. கர்த்தர் ஓர் அரசனைக் கடிந்து, ஆபிரகாமைத் தீர்க்கதரிசி என்று அழைத்த அந்தச் சம்பவம் ஆதியாகமம் 20ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அங்கே தவறு செய்தவர் யார்? ஆபிரகாம். சாராளைத் தன் சகோதரி என்று சொல்லி, கேராரின் ராஜாவாகிய அபிமெலேக்கை ஏமாற்றியவர் அவர். தேவன் தம் தீர்க்கதரிசியைக் காப்பாற்றினார்; ஆனால் அபிமெலேக்கு மறுநாள் காலை அதே தீர்க்கதரிசியை வரவழைத்து, செய்யத்தகாத காரியங்களை என்னிடத்தில் செய்தாயே என்று நேருக்கு நேர் கேட்டபோது தேவன் தடுக்கவில்லை; கேட்டதற்காக அவன்மேல் எந்தச் சாபமும் வரவில்லை. அதற்குப் பின்பு ஆபிரகாம் ஜெபித்தபோது அபிமெலேக்கின் வீட்டார் குணமானார்கள் என்பதும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. பொய் சொன்னவரும் அவரே, ஜெபம் கேட்கப்பட்டவரும் அவரே. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிவைத்த வேதம், ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கும்படி நம்மிடம் கேட்கவில்லை.

தம்மைக் கொல்லத் தேடிய சவுல் ராஜாவின்மேல், அவர் அபிஷேகம் பெற்றவர் என்பதால், தாவீது கை போட மறுத்தார் என்பதையும் மாமியார் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் எங்கேதி குகையை விட்டு வெளியே வந்து, சவுல் தமக்குச் செய்த அநியாயத்தை எல்லார் காதும் கேட்க எடுத்துச் சொன்னவரும் அதே தாவீதுதான். கை போடாமல் இருப்பது ஒன்று, கணக்குக் கேட்காமல் இருப்பது இன்னொன்று. ஆங்கிலிக்கன் திருச்சபையின் 39 கொள்கைக் கூற்றுகளில் 26ஆவது கூற்று இதையே பேசுகிறது. ஊழியரின் தீமையால் திருவிருந்தின் பயன் குறைவதில்லை என்ற அதன் முற்பகுதியைப் பலரும் அறிவார்கள். ஆனால் தீய ஊழியரைப் பற்றி விசாரணை நடத்த வேண்டும், அவர்களுடைய குற்றத்தை அறிந்தவர்கள் சாட்சி சொல்ல வேண்டும், குற்றம் உறுதியானால் நியாயமான தீர்ப்பின்படி பதவியிலிருந்து நீக்க வேண்டும் என்று சொல்லும் பிற்பகுதியை ஏனோ நாம் மறந்துவிடுகிறோம். பண விஷயத்துக்கே இப்படியென்றால், ஒரு பெண்ணுக்கோ குழந்தைக்கோ தீங்கு நடந்திருக்கும் இடத்தில் சபைக்குள்ளேயே பேசி முடிப்போம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அங்கே முதலில் போக வேண்டிய இடம் காவல் நிலையம்.

உங்கள் கேள்வியில் நீங்கள் கேட்காமல் விட்ட பகுதியே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. கோயிலுக்கு வராமல் காரட் தோட்டத்துக்குப் போகிறாரே, உங்கள் கணவர். எனக்குத் தோன்றுவது இது: அவருடைய கோபம் ஊழியர்மேல் என்பதைவிட, தன்னைப் பற்றிய பயமே அதிகம். என்னைத் திருப்பிய குரல் பொய்யன் ஒருவனுடைய குரல் என்றால், நான் திரும்பியதும் பொய்தானா என்று அவர் மனம் கேட்டுக்கொண்டிருக்கலாம். 14 ஆண்டுகளாக அவர் குடிக்காமல் விடிந்த காலைகளை யாரும் பொய் என்று சொல்ல முடியாது. அந்த ஊழியர் உங்கள் மாமனாரின் கட்டிலருகே வடித்த கண்ணீரும் நடிப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே வாரத்தில் மெய்யாக ஜெபிக்கவும் மெய்யாகவே திருடவும் கூடிய பிராணி மனிதன்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பு குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்த சிறிய சபையில், மத்தேயு 18ஆம் அதிகாரத்தை எடுத்து, மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கித்தேன். மறு ஞாயிறு, கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா ஆராதனை முடிந்த பின்பு காத்திருந்து, ஒரு வர்க்கிப் பொட்டலத்தை என் கையில் கொடுத்தார்கள். ஒன்பது ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லாதிருந்த தங்கையைப் பார்க்க, அந்த வாரம் மேட்டுப்பாளையத்துக்குப் பஸ் ஏறிப் போய்வந்தார்களாம். "நீங்க சொன்னது தைச்சிருச்சு ஐயா" என்றார்கள். பொட்டலத்தை வாங்கி அங்கியைக் கழற்றிய கையோடு சட்டைப் பையில் செருகினேன். அந்தப் பையில் ஏற்கெனவே ஓர் இன்லேண்ட் கடிதம் இருந்தது. பூர்வீக வீட்டுப் பங்கு விஷயமாக என் தம்பி எழுதியது. நான்கு மாதமாக நான் பதில் போடாதது. வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தபோது, வர்க்கியின் நெய் தாளில் ஊறி, தம்பியின் கையெழுத்தின் மேல் ஒரு வட்டக் கறை விழுந்திருந்தது. தம்பிக்கு நான் பதில் எழுத மேலும் இரண்டு ஆண்டு ஆயிற்று. அந்த அம்மாவின் தங்கை பொய்யா? மேட்டுப்பாளையம் பஸ் பொய்யா? பாத்தி நனைந்தது. வாய்க்காலில்தான் ஒரு கீரைத்தண்டும் முளைக்கவில்லை.

எனவே, சகோதரி, இப்படிச் செய்துபாருங்கள். கணவரை ஆலயத்துக்கு வரும்படி நெருக்க வேண்டாம். அவர் தோட்டத்தில் இருக்கும்போது ஒரு ஞாயிறு நீங்களும் கூடப் போய், 14 ஆண்டுக்கு முந்திய அந்த நாளில் அவர் கேட்டது என்ன என்று மட்டும் கேளுங்கள். அவர் வாயிலிருந்து வரப்போவது ஊழியரின் பெயராக இருக்காது, ஒரு வசனமாக இருக்கும் என்று நினைக்கிறேன். விசாரணைக் குழு உங்களைக் கேட்டால், அந்த ஊழியர் செய்த நன்மையையும், பணத்தைப் பற்றி நீங்கள் அறிந்ததையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அவர் தனித்து விடப்பட்டிருந்தால், ஒருநாள் சோறு கட்டி எடுத்துக்கொண்டு கணவரோடு போய்ப் பார்த்துவருவதில் தவறில்லை. அவரை மறுபடி பிரசங்க பீடத்தில் ஏற்ற வேண்டும் என்று மட்டும் கையெழுத்து வாங்கப் போகாதீர்கள். மன்னிப்பும் பதவியும் ஒரே சாவியில் திறக்கும் பூட்டுகள் அல்ல.

கேள்வி: நான் கொடைக்கானலில் படிக்கும் மாணவன். வகுப்பில் பேராயர் கால்டுவெல்லைப் பற்றிப் பேச்சு வந்தது. அவர் தமிழுக்கும் திருச்சபைக்கும் செய்த தொண்டைப் பற்றி நான் பெருமையாகப் பேசினேன். நாடார் சமூகத்தைச் சேர்ந்த என் நண்பன், "எங்கள் முன்னோரை இழிவாக எழுதியவர் அவர்" என்றான். தேடிப் பார்த்தேன், அவன் சொன்னது சரி. எங்கள் சபை ஊழியரிடம் கேட்டபோது, "நாம் எல்லாரும் மண்பாண்டங்கள்தான், தேவன் குறையுள்ளவர்களையும் பயன்படுத்துகிறார்" என்றார். அந்தப் பதில் என் நண்பனுக்குப் போதவில்லை. உண்மையில் எனக்கும் போதவில்லை.

பதில்: தம்பி, எனக்கும் போதவில்லை.

கால்டுவெல்லின் கதை நம் இரண்டு மலைகளையும் தொடுகிறது. 1841இல் அவர் ஆங்கிலிக்கன் திருப்பணிக்கு அபிஷேகம் பெற்றது உதகையில். 1891 ஆகஸ்டு 28ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது உங்கள் கொடைக்கானலில். இடைப்பட்ட 50 ஆண்டுகளில் பெரும்பகுதி திருநெல்வேலித் தேரிக்காட்டு இடையன்குடியில் கழிந்தது. அங்கே அவர் கட்டிய ஆலயத்தில்தான் அவருடைய உடலும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. 1856இல் வெளிவந்த அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம், தமிழ் தன் சொந்தக் காலில் நிற்கும் மொழி என்பதை உலக அறிஞர் முன் வைத்தது. அவரும் அவருடைய மனைவி எலிசாவும் நடத்திய பள்ளிகளில் படித்தவர்களின் கொள்ளுப்பேரர்கள் இன்று எங்கெங்கோ இருக்கிறார்கள். அதே மனிதர் 1849இல் ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். எந்த மக்களிடையே ஊழியம் செய்தாரோ, யாருடைய கையால் உணவு உண்டாரோ, அந்த நாடார் மக்களின் அறிவையும் வாழ்க்கையையும் தாழ்த்தி, மேலிருந்து கீழே பார்க்கும் பார்வையில் அதை எழுதியிருந்தார். படித்தவர்கள் கொதித்தார்கள். 1857இல் அருமைநாயகம் சட்டம்பிள்ளையின் தலைமையில் ஒரு பகுதியினர் வெள்ளைக்காரர் ஆதரவே வேண்டாம் என்று பிரிந்து தனித் திருச்சபை அமைத்தார்கள். அந்தப் பிரிவுக்குக் காரணங்கள் பல என்றாலும், அந்த நூல் கொடுத்த காயமும் அவற்றில் ஒன்று.

உங்கள் ஊழியர் சொன்ன வசனத்தை இப்போது எடுத்துப் பாருங்கள். 2 கொரிந்தியர் 4:7. "இந்த மகத்துவமுள்ள வல்லமை எங்களால் உண்டாயிராமல், தேவனால் உண்டாயிருக்கிறதென்று விளங்கும்படி, இந்தப் பொக்கிஷத்தை மண்பாண்டங்களில் பெற்றிருக்கிறோம்." பவுல் இதைத் தன்னைப் பற்றிச் சொல்லுகிறார். "பெற்றிருக்கிறோம்" என்பது தன்மை வினை. நாங்கள் மண்பாண்டம் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். வேறொருவரால் அடிபட்டு நிற்பவனிடம் போய், உன்னை அடித்தவன் மண்பாண்டம், பொறுத்துக்கொள் என்று சொல்வதற்கு இந்த வசனம் எழுதப்படவில்லை. ஒரு வாக்கியம் யார் வாயிலிருந்து, யார் காதுக்குப் போகிறது என்பதைப் பொறுத்து அது அறிக்கையாகவும் இருக்கலாம், வாய்ப்பூட்டாகவும் இருக்கலாம். கால்டுவெல் சொல்லியிருந்தால் அது அறிக்கை. உங்கள் நண்பனிடம் நாம் சொன்னால் அது வாய்ப்பூட்டு.

வேதம் இதை எப்படிக் கையாளுகிறது என்பதற்குத் தாவீதைப் பாருங்கள். தன் போர்வீரன் உரியாவின் மனைவி பத்சேபாளை அவர் எடுத்துக்கொண்டதையும், உரியாவைக் கொல்லவைத்ததையும் எல்லாரும் அறிவோம். தீர்க்கதரிசி நாத்தான் வந்து "நீயே அந்த மனுஷன்" என்று சொன்னதையும் 51ஆம் சங்கீதத்தையும் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். பலர் கவனிக்காமல் கடந்துபோகும் இரண்டு இடங்களைச் சொல்லுகிறேன். 2 சாமுவேல் 23ஆம் அதிகாரம், தாவீதின் கடைசி வார்த்தைகள் என்று கம்பீரமாகத் தொடங்குகிறது. பின்பு அவருடைய பராக்கிரமசாலிகளின் பெயர்ப்பட்டியல் நீள்கிறது. அந்தப் பட்டியலின் கடைசிப் பெயர் ஏத்தியனாகிய உரியா. ராஜாவின் புகழ் அதிகாரத்தை முடித்துவைக்கும் பெயர், ராஜா கொன்ற மனிதனுடைய பெயர். அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து மத்தேயு இயேசுவின் வம்ச வரலாற்றை எழுதும்போது, பத்சேபாள் என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். அவரோ "உரியாவின் மனைவியாயிருந்தவளிடத்தில்" என்று எழுதுகிறார். தாவீதின் வம்சத்தில் மேசியா வந்தார். ஆனால் அந்த வரியை வாசிக்கும்போதெல்லாம் உரியாவின் பெயரையும் நாம் வாசித்தே ஆக வேண்டும்.

கால்டுவெல்லையும் அப்படியே பேசுங்கள் என்பதுதான் நான் சொல்வது. ஒப்பிலக்கணத்தைச் சொல்லும்போது அந்தச் சிறுநூலையும் சொல்லுங்கள். இடையன்குடி ஆலயத்தைச் சொல்லும்போது, மனம் உடைந்து வெளியேறியவர்கள் கட்டிய சபையையும் சொல்லுங்கள். அவருடைய தொண்டை மறுக்கும்படி உங்கள் நண்பன் கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை. தன் முன்னோரின் பெயர் பட்டியலில் விடுபடக் கூடாது என்றுதான் கேட்கிறான். உதகை ஸ்தேவான் ஆலயத்துக்கு வரும் சுற்றுலாக்காரர்களிடம், இந்த உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்று வழிகாட்டிகள் பெருமையோடு சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 1831இல் திறக்கப்பட்ட நாள்முதல் அந்த உத்திரங்களின் கீழ் எத்தனையோ உண்மையான ஜெபங்கள் ஏறெடுக்கப்பட்டிருக்கின்றன. அதனால் தோற்றவன் வீட்டு மரம் வென்றவன் வீட்டு மரமாக வந்த கதை மாறிவிடாது. பெருமையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு சொல்லலாம், அவ்வளவே.

கேள்வி: ஐயா, என் வயது 61. எங்கள் குடும்பம் சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்து குன்னூர் அருகே குடியேறியது. தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். 30 ஆண்டு குடித்தேன்; 6 ஆண்டுகளாகக் குடிப்பதில்லை. இப்போது ஆயர் என்னை ஓய்வுநாள் பள்ளியில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கச் சொல்கிறார். அந்தப் பிள்ளைகளின் தகப்பன்மார் நான் கடைவீதியில் விழுந்து கிடந்ததைப் பார்த்தவர்கள். ஒருவர் என்னைத் தூக்கி வந்து வீட்டில் விட்டவர். எந்த முகத்தோடு அவர் பிள்ளைக்கு முன் நான் வேதத்தைத் திறப்பேன்?

பதில்: ஐயா, உங்களுக்கு நான் ஒரு வாசனையை நினைவுபடுத்த வேண்டும். மார்கழியில் விடியற்காலைப் பனி புல்மேல் உப்புத் தூவியதுபோல் உறைந்து கிடக்கும்போது, குமுட்டியில் கரி மூட்டிச் சுற்றி உட்காருவோமே, அந்த வாசனை. யோவான் 18ஆம் அதிகாரத்தில், குளிர்காலமானபடியினால் சேவகர் கரிநெருப்பு உண்டாக்கிக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்கள். பேதுருவும் அவர்களோடு நின்று குளிர்காய்ந்தான். அந்த நெருப்பின் முன்தான் அவன் தன் ஆண்டவரை மறுதலித்தான். அதே சுவிசேஷத்தின் 21ஆம் அதிகாரத்தில், உயிர்த்தெழுந்தவர் கடற்கரையில் விடியற்காலத்தில் பேதுருவுக்காகக் காத்திருக்கிறார். அங்கே "கரிநெருப்புப் போட்டிருக்கிறதையும்" அதின்மேல் மீனையும் அவர்கள் கண்டார்கள். மூல கிரேக்கத்தில் கரிநெருப்பைக் குறிக்கும் அந்தச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த இரண்டு இடங்களில் மட்டுமே வருகிறது. படகிலிருந்து குதித்து ஈரத்தோடு கரையேறியவனுக்கு முதலில் மூக்கில் ஏறியது அந்தப் பழைய முற்றத்தின் வாசனையாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆண்டவர் நினைத்திருந்தால் வேறு இடத்தில், மலையுச்சியிலோ ஆலயத்திலோ, அவனை மறுபடி அழைத்திருக்கலாம். அவர் அதே நெருப்பின் முன் உட்காரவைத்து, முதலில் சாப்பாடு கொடுத்து, பின்பு என்னை நேசிக்கிறாயா என்று மூன்று முறை கேட்டார். ஒவ்வொரு பதிலுக்கும் பின்பு அவன் கையில் ஒப்படைத்தது ஆட்டுக்குட்டிகளையும் ஆடுகளையும்.

உங்களைத் தூக்கி வந்து விட்ட அந்தத் தகப்பனின் பிள்ளையே உங்கள் வகுப்பில் இருக்கிறான் என்பது தற்செயலாக இருக்கலாம். எனக்கு அது கரையில் எரியும் நெருப்பாகத் தெரிகிறது.

ஆனால் பேதுருவின் கதை அந்தக் கரையோடு முடிந்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெந்தெகொஸ்தே நாளுக்கும் பின்பு, அந்தியோகியாவில் அவர் மனிதருக்குப் பயந்து, யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிடுவதை விட்டு விலகிக்கொண்டார்; பவுல் முகமுகமாய் எதிர்த்து நின்றதாகக் கலாத்தியர் நிருபம் சொல்லுகிறது. மன்னிப்புப் பெற்றவர் மறுபடி சறுக்க மாட்டார் என்ற உத்தரவாதத்தை வேதம் பேதுருவுக்கே கொடுக்கவில்லை. எனக்கும் உங்களுக்கும் கொடுக்குமா? ஃபாக்டரியில் இருந்த உங்களுக்குக் கவ்வாத்து தெரியாததல்ல. நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறை வெட்டிவிட்ட செடி வெறும் குச்சியாய், செத்ததுபோல் நிற்கும். கொழுந்து வரும் என்று தெரிந்திருந்தாலும், வந்த கொழுந்தைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருந்தால்தான் அது புதராகாமல் செடியாக நிற்கும். உங்கள் ஆறு ஆண்டும் அப்படித்தான் நாள்தோறும் எடுக்கப்பட்டு வந்திருக்கும்.

பாடம் எடுக்கச் சம்மதியுங்கள். சம்மதிக்கும்போது ஆயரிடம் மூன்று காரியங்களைப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். வகுப்பில் உங்களோடு இன்னொரு பெரியவரும் இருக்க வேண்டும். இது உங்களைச் சந்தேகிப்பதால் அல்ல, பிள்ளைகள் இருக்கும் எந்த வகுப்புக்கும் இருக்க வேண்டிய ஒழுங்கு. எப்போதாவது ஒரு சனிக்கிழமை இரவு கால் சறுக்கிவிட்டால், ஞாயிறு காலை வகுப்புக்கு முன்பே ஆயருக்குத் தெரிவித்துவிட வேண்டும். மறைத்துக்கொண்டு பிள்ளைகள் முன் நிற்கக் கூடாது. பழைய குடிக் கதைகளைச் சாட்சி என்ற பெயரில் எட்டு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம். அந்த வயதுக்குச் சாராயக் கடையைவிட நோவாவின் பேழை போதும். அவர்கள் பெரியவர்களாகி, தாங்களாகவே கேட்கிற ஒருநாள் வந்தால், அப்போது நேராகச் சொல்லுங்கள்.

முதல் வகுப்புக்கு முன்பு அந்தத் தகப்பனைப் பார்த்து, உங்கள் பிள்ளை என் வகுப்பில் இருக்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர் சம்மதித்தால், ஞாயிறன்று கொஞ்சம் முன்னதாகவே போய் அறையைத் திறந்து, கிழக்குப் பக்க ஜன்னலை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைச் சாத்திவையுங்கள். நம் ஊர்க் காலைக் குளிரில் பிள்ளைகள் தரையில் உட்கார வேண்டியிருக்கும். ஒரு பழைய ஜமுக்காளம் கிடைத்தால் விரித்துவையுங்கள்.